இரும்பு படாத கிடா

திருவாமாத்தூர்,
3 மே 2025

அன்புத் தம்பி தென்னரசுக்கு,

உன் அக்கா தையல்நாயகி எழுதுவது. நீ வாய் திறக்க மருத்துவர் தடை விதித்திருக்கிறார். என்னிடம் இருப்பதோ பேசுவதற்கு மட்டுமே உதவும் பொத்தான் கைப்பேசி. ஆகையால் அஞ்சல் பெட்டியைத் தேடி நடந்தேன். அட்டையில் அடங்காத செய்தி என்பதால் உறையாகவே வாங்கினேன்.

செவலை நொண்டுகிறது.

செவலை யாரென்று தெரியாதவன்போல் புருவத்தை உயர்த்தாதே. உனக்காக நேர்ந்துவிட்ட கிடா அது. தை மாதம் உன் தொண்டையில் முதல் அறுவை நடந்த அன்று, மருத்துவமனை வாயிலில் நின்று நம் முனீசுவரரிடம் சொன்னேன்: என் தம்பிக்கு மேடைக்குரல் திரும்பட்டும், ஆடி மூன்றாம் வெள்ளியன்று ஒரு கிடா தருகிறேன், அதுவரை அதன்மேல் இரும்பு படாமல் காப்பேன். உன் கழுத்துக்குள் புகுந்த இரும்பே இந்தக் குடும்பத்துக்குப் போதும் என்று அப்போது தோன்றியது. சித்திரையில் உனக்கு இரண்டாம் அறுவையும் நடந்துவிட்டது. இன்றுவரை நான் என் சொல்லிலிருந்து வழுவவில்லை.

எப்படிக் காத்தேன் தெரியுமா? வேலியின் முள்கம்பி கிழித்துவிடுமென்று அதை மேயவே விடவில்லை. சங்கிலி வேண்டாமென்று தென்னைநார்க் கயிறு திரித்தேன். தரையில் பழைய ஆணி ஏதேனும் கிடக்குமென்று மரப்பலகையில் பரண் அமைத்து, அதன்மேல் சாக்கு விரித்து, அகத்தியும் மல்லாட்டைக் கொடியும் இருந்த இடத்துக்கே கொண்டுபோய் ஊட்டினேன். மற்ற ஆறு ஆடுகளும் சரளை மேட்டில் ஏறி இறங்கித் திரும்பும்போது, இது மட்டும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போலச் சாக்கின்மேல் அமர்ந்திருக்கும்.

விளைவைக் கேள். அந்த ஆறுக்கும் குளம்பு தரையிலேயே தேய்ந்துவிடுகிறது. இதற்குத் தேயவில்லை. நான்கு காலிலும் விரல் நீளத்துக்கு வளர்ந்து, நுனி மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. உன் மாமா நேற்று அதன் நடையைப் பார்த்துவிட்டு, "எட்டாம் நம்பர் காலுக்குப் பன்னெண்டாம் நம்பர் செருப்ப மாட்டிக்கினு போற மாதிரி போவுது. கத்தி வச்சா ஒரு நிமிசத்து வேலை. ஒரு நிமிசம் கண்ண மூடிக்க உன் சாமிக்குத் தெரியாதா?" என்றார். அவரோடு அதன்பின் நான் பேசவில்லை.

உன் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் சவுரிராயன், கால்நடை மருந்தகத்தில் முப்பது ஆண்டு உதவியாளராக இருந்தவராயிற்றே. நான் அழைத்தால் அவர் பேசி முடிப்பதற்குள் என் கைப்பேசியில் காசு தீர்ந்துவிடும், நீயே அவரைக் கேட்டு எழுது. இரும்பைத் தொடாமல் குளம்பைக் குறைக்க வழி உண்டா? உண்டு, இல்லை என்ற இரண்டில் ஒன்று போதும். சொற்பொழிவு வேண்டாம்.

உன் அக்கா,
தையல்நாயகி


திண்டிவனம்,
9 மே 2025

அன்புள்ள அக்கா,

மடல் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் தொண்டை துடித்தது. அதன் துடிப்பை அடக்கும்படி மருத்துவர் எனக்கு ஆணையிட்டிருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நேர்த்திக்கடன் என்னும் பெயரால் வாயில்லா உயிரின் கழுத்தில் கத்தி வைக்காதீர் என்று முப்பது ஆண்டுகள் ஊர்தோறும் முழங்கியவன் நான். அந்த முழக்கத்தில்தான் இந்தத் தொண்டை தேய்ந்தது. அதே தொண்டையின் பெயரால் நீங்கள் ஒரு கிடாவை நேர்ந்திருக்கிறீர்கள். என்னை எதிர்த்து மேடையேறிய எவரும் என்னை இத்தனை முழுமையாக மடக்கியதில்லை.

அதுவும் போகட்டும். கொல்லப்போகும் நாள்வரை காப்பேன் என்கிறீர்களே, இதற்குப் பெயரா காப்பு? இரும்புக்கு அஞ்சிக் கல்லைப் பறித்தீர்கள். கல்லைப் பறித்ததால் குளம்பு வளர்ந்தது. குளம்பு வளர்ந்ததால் இப்போது இரும்பு வேண்டியிருக்கிறது. நீங்கள் அஞ்சிய கத்தியை அந்த ஆட்டின் காலடிக்கு அழைத்து வந்தவர் வேறு யாருமில்லை, நீங்களே.

சவுரிராயனைக் கேட்டேன். கேட்டேன் என்பது பெருமைக்காக எழுதிய சொல். பலகையில் "ஆட்டுக் குளம்பு" என்று எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். எதிர்வாதம் செய்ய இயலாத ஒரு மனிதன் மாடியில் கிடைத்திருப்பதில் அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி. "நீங்க பேசாம இருந்தா எவ்ளோ நல்ல மனுசங்க" என்று நாள்தோறும் சொல்லிவிட்டுப் படியிறங்குகிறார்.

அவர் சொன்னதன் சாரம் இது. முதலில் ஆட்டின் காலைத் தண்ணீரில் ஊறவையுங்கள், குளம்பு இளகும். சுவரோரம் நிறுத்தி ஒருவர் அணைத்துப் பிடிக்க, மற்றவர் காலைப் பின்புறமாக மடக்க வேண்டும்; பக்கவாட்டில் இழுத்தால் மூட்டு நோகும். குச்சியால் அடியிலுள்ள சேற்றைக் கிளறி எடுங்கள். செடி வெட்டும் கத்தரியே போதும். வளர்ந்து மடிந்த ஓரத்தைச் சிறிது சிறிதாக நறுக்குங்கள். வெண்மையாக இருக்கும்வரை அஞ்ச வேண்டாம். இளஞ்சிவப்பு தோன்றினால் நிறுத்திவிடுங்கள், அதற்கு அப்பால் குருதி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதுமாம்.

நகம் வளர்ந்தால் நறுக்குகிறோம். அதற்கு எந்தச் சாமியிடமும் இசைவு கேட்பதில்லை. நறுக்குங்கள். நான் கேட்காத வேண்டுதலுக்கு ஓர் உயிர் ஏன் நொண்ட வேண்டும்?

உங்கள் தம்பி,
தென்னரசு


திருவாமாத்தூர்,
14 மே 2025

தம்பிக்கு,

உண்டா, இல்லையா என்று கேட்டேன். நான்கு பக்கத்துக்கு ஒரு குற்றப்பத்திரிகை வந்திருக்கிறது. அஞ்சல்காரர் பாரம் தாங்காமல் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்.

நீ கேட்காத வேண்டுதல் என்கிறாய். ஆம், நீ கேட்கவில்லை. நீ கேட்காத காரியங்களின் பட்டியல் என்னிடம் நீளமாக இருக்கிறது. அறைக்கு வெளியே பதினோரு மணி நேரம் நின்றேனே, அதை நீ கேட்டாயா? உன் இயக்கத் தோழர்கள் நான்கு பேர் நாற்காலியில் அமர்ந்திருக்க, நான் நேர்ந்துகொண்டதை அவர்களிடம் வெகுளியாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. நீ கண் விழித்ததும் ஒரு தாளை வாங்கி, "ஊருக்குப் போங்கள்" என்று எழுதி நீட்டினாய். "போ" என்று எழுதியிருந்தால்கூடச் சினம் என்று தேற்றிக்கொண்டிருப்பேன். "போங்கள்" என்று மரியாதையோடு விரட்டினாய். அன்று பேருந்தில் அந்தக் "கள்" என்னை விழுப்புரம்வரை குத்திக்கொண்டே வந்தது.

அதன்பின் நான்கு மாதம் ஆகிறது. திண்டிவனத்துக்கும் இங்கும் ஒன்றரை மணி நேரப் பயணம். நீ வரவில்லை. சித்திரையில் இரண்டாம் அறுவை என்று நீ சொல்லியனுப்பவும் இல்லை. சவுரிராயன் சொல்லித்தான் அறிந்தேன்.

உனக்கு நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் நம்பிக்கை மிகுதி என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் கழுத்தைத் திறந்து கிடத்தியிருந்த நேரத்தில் எனக்குச் செய்வதற்கு எதுவுமே இல்லை. மருத்துவருக்குக் கத்தி இருந்தது. உன் தோழர்களுக்கு அரசியல் இருந்தது. எனக்கு ஒரு சொல்தான் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த சொல்லைக் காலில் வளர்ந்த நகத்துக்காக என்னால் திரும்பப் பெற முடியாது. இரும்பு பட்டால் அந்தச் சொல் அன்றே முறிந்துவிடும். அதன்பின் உன் குரலுக்கு ஏதேனும் நேர்ந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். இரும்பில்லாத வழி உண்டா? சவுரிராயனிடம் பலகையை நீட்டு. அவர் பேசி முடித்ததும் கடைசி வரியை மட்டும் எனக்கு எழுது.

தையல்நாயகி


திண்டிவனம்,
20 மே 2025

அக்காவுக்கு,

அந்தத் தாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுண்டு. நேரில் சொல்லவேண்டியது. இப்போது ஆட்டைப் பார்ப்போம்.

வழி உண்டு. கல்.

சவுரிராயன் முதலில் சிரித்தார். பிறகு, "உங்க அக்கா வைராக்கியத்துக்கு ஆடு பொறுப்பில்லீங்களே, எதையாவது பண்ணிக்கினுதான் ஆவணும்" என்று சிந்தனையில் ஆழ்ந்தார். அவர் கூற்றுப்படி, பரணிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை இருபதடிக்குச் சொரசொரப்பான கருங்கல் சல்லி பரப்புங்கள். தீவனத்தை மறுகோடியில் வையுங்கள். காலையும் மாலையும் அது நடந்தே தீரவேண்டும். நடந்து முடிந்ததும், ஊறிய குளம்பின் நுனியைச் சொரசொரப்பான கல்லால் முன்னோக்கித் தேயுங்கள். அங்குமிங்குமாகத் தேய்த்தால் பிளந்துவிடுமாம். சாக்கை உடனே அகற்றுங்கள். ஈரம் தேங்கிய இடத்தில் குளம்பு நிற்கவே கூடாது என்பதைச் சவுரிராயன் நான்கு முறை சொன்னார். நான் ஒரு முறைதான் எழுதுகிறேன், நான்காகப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன தொழிலில் இறங்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தீர்களா? நேர்த்திக்கடனை எதிர்த்தே நரைத்துப்போன ஒருவன், ஒரு நேர்த்திக்கடன் பழுதின்றி நிறைவேற உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறான். என் தோழர்கள் இந்த மடலைக் கண்டால் என்னை இயக்கத்திலிருந்து நீக்குவார்கள். நான் அதை எதிர்த்து ஒரு சொல்கூடப் பேச முடியாது.

அந்தச் சல்லியை உடைத்தது இரும்பு எந்திரம் என்பதை மட்டும் முனீசுவரரிடம் யாரும் சொல்லிவிடவேண்டாம்.

இருபத்தெட்டாம் நாள் எனக்கு மருத்துவச் சோதனை. குழாய் விட்டுப் பார்ப்பார்கள். பேசலாமா என்பதை அன்று சொல்லிவிடுவார்களாம்.

தென்னரசு


திருவாமாத்தூர்,
12 ஜூன் 2025

தம்பி தென்னரசு,

முதலில் நல்ல செய்தி. கல் வேலை செய்தது. சாலை போட்டு மீந்த சல்லியை உன் மாமா நான்கு கூடை கொண்டுவந்து கொட்டினார். முதல் மூன்று நாள் செவலை அதன்மேல் கால் வைக்க மறுத்துப் பரணின் விளிம்பில் நின்று என்னை ஏசியது. நான்காம் நாள் அகத்திக்கு ஆசைப்பட்டு இறங்கியது. நாள்தோறும் இரு வேளை நடை. நடந்தபின் உன் மாமா மடியில் அதன் காலை வைத்துக்கொண்டு தேய்ப்பார். "ஆட்டுக்குக் கால் தேய்ச்சி விட்டுக்கினு இருக்கேன். என் முட்டிய தேய்க்க இந்த வீட்ல ஒரு நாதி இல்ல" என்று அவர் புலம்பாத நாள் இல்லை. மூன்று கால்கள் சீராகிவிட்டன.

இனிக் கெட்ட செய்தி. நான்காவது கால், பின்னங்கால், இடப்புறம். அதில் ஓரம் நீளவில்லை. உட்புறமாக மடிந்து உள்ளங்காலை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. மடிப்புக்குள் கல் எட்டவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் ஐந்து நாள் விடாமல் மழை. பலகை ஊறிவிட்டது. நேற்று அந்தக் காலைத் தூக்கினேன். நாற்றம் அடிக்கிறது, தம்பி. அதைத் தரையில் ஊன்றாமல் மூன்று காலில் நின்றுதான் தின்னுகிறது. நான் கிட்டே போனால் முன்பெல்லாம் முட்டும். இப்போது முட்டவும் இல்லை.

கோவில் பூசாரியைக் கேட்டேன். அவர் மிக எளிதாகச் சொல்லிவிட்டார்: "நொண்டிக்கினு வர்ற கிடா ஆவாதும்மா. இரும்பு படாம வுடுறேன்னு நீங்களே வாக்கு குடுத்திருக்கீங்க, பட்டுச்சின்னா அதுவும் ஆவாது. ரெண்டும் இல்லாம இட்டுக்கினு வாங்க." அறுத்தாலும் தவறு, விட்டாலும் தவறு. இந்த அறிவுரைக்கு அவருக்கு வெற்றிலை பாக்கு வேறு வைத்துவிட்டு வந்தேன்.

சவுரிராயனைக் கேட்டுச் சொல். விரைவாகச் சொல்.

இன்னொன்று. இருபத்தெட்டாம் நாள் சோதனை முடிந்து இரண்டு வாரம் ஆயிற்று. நீ ஒரு வரி எழுதவில்லை. சவுரிராயனுக்குக் கைப்பேசியில் அழைத்தேன். எதைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர், "அத உங்க தம்பியத்தான் கேக்கணும்மா" என்று சொல்லி, ஆட்டைப் பற்றி நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். மருத்துவர் என்ன சொன்னார்?

தையல்நாயகி


திண்டிவனம்,
16 ஜூன் 2025

அக்கா,

நாற்றம் அடிக்கிறது என்றால் அழுகல் தொடங்கிவிட்டது. இனிக் கல் உதவாது. மடிந்த ஓரத்தை வெட்டி நீக்கினால்தான் காற்று புகும். காற்று புகுந்தால்தான் அழுகல் நிற்கும். விட்டால் மூட்டுவரை ஏறும் என்கிறார் சவுரிராயன். அவர் இம்முறை ஒரு மணி நேரம் பேசவில்லை. "வெட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

வெட்டியபின் மயில்துத்தம் கரைத்த நீரில் அந்தக் காலை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அந்த நீரை அது குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுங்கள். ஒரு வாரம் காய்ந்த தரையில் வைத்திருங்கள்.

வேண்டுதல் என் பெயரில் நேர்ந்தது. எனவே விடுவிக்கும் உரிமையும் எனக்கு உண்டு. நான் விடுவிக்கிறேன். உங்கள் சாமி கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், முகவரி தெரியும்.

சோதனை முடிந்தது. மருத்துவர் சொல்லவேண்டியதைச் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்தக் காலைப் பாருங்கள். காலம் தாழ்த்தாதீர்கள்.

தென்னரசு


திருவாமாத்தூர்,
24 ஜூன் 2025

தம்பிக்கு,

வெட்டிவிட்டேன்.

உன் மடல் வந்து மூன்று நாள் அதை மடித்து வைத்திருந்தேன். நீ விடுவித்தால் ஆயிற்றா? வாக்குக் கொடுத்தவள் நான். ஞாயிறு காலை தீவனம் கொண்டு போனேன். செவலை எழுந்திருக்கவில்லை. அகத்தியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, படுத்தபடியே வாயைத் திறந்தது. அவ்வளவுதான். கடைத்தெருவுக்குப் போய்ச் செடி வெட்டும் கத்தரி ஒன்று வாங்கி வந்தேன்.

உன் மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் வெட்றேன், நீ புடிச்சிக்க. பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் என்றேன். சொல் என்னுடையது, அதை முறிக்கும் கையும் என்னுடையதாகவே இருக்கவேண்டும். முட்டி வலியோடு அவர் மண்டியிட்டு ஆட்டை அணைத்துப் பிடித்தார். நான் காலை மடக்கினேன். கத்தரி குளம்பில் படுவதற்கு முன் தெற்கே, கோவில் இருக்கும் திக்கில் திரும்பி வாய்விட்டுச் சொன்னேன்: "குத்தம் எம்மேல. எந்தம்பி மேல போவாத. எதுவா இருந்தாலும் எங்கிட்ட வா."

பிறகு வெட்டினேன். முதல் துண்டு விழுந்தபோது அது காய்ந்த தேங்காய் ஓடுபோல இருந்தது. வலிக்கவே இல்லை அதற்கு. நம் நகத்தைப் போலத்தான். மடிப்பைத் திறந்ததும் உள்ளே கருத்த சேறும் சீழும். குச்சியால் எடுத்தேன். நீ எழுதியபடியே வெண்மை கண்டேன். ஓரிடத்தில் இளஞ்சிவப்பு தெரிந்ததும் கை தானாக நின்றுவிட்டது. மயில்துத்த நீரில் நிறுத்தி, மஞ்சள் தடவினோம். எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த அரை மணி நேரத்துக்காக அந்த உயிரை ஐந்து மாதம் நான் வதைத்திருக்கிறேன் என்பதை நீ எழுதவேண்டாம், நானே எழுதிவிட்டேன்.

இன்று நான்கு காலிலும் நின்று தின்றது. சற்று முன் என்னை முட்டியது.

இப்போது நீ சொல். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன் தொண்டைக்கு ஏதேனும் ஆயிற்றா? வலி கூடியிருக்கிறதா? மருத்துவர் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன் என்றாயே, அந்தப் பிறகு எப்போது? எதுவானாலும் மறைக்காமல் எழுது. நான் செய்த காரியத்தின் பலன் எனக்குத் தெரியவேண்டும்.

உன் அக்கா


திண்டிவனம்,
28 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

இத்துடன் மருத்துவரின் அறிக்கையை இணைத்திருக்கிறேன். அதில் மேலே வலப்புறம் உள்ள நாளைப் படியுங்கள். மே இருபத்தெட்டு. நீங்கள் கத்தரியைத் தொட்டது ஜூன் இருபத்திரண்டு. மற்ற எதையும் படிக்கும் முன் இந்த இரண்டு நாட்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

குரல் நாண் ஒன்று அசையவில்லை. தாழ்ந்த குரலில் வீட்டுப் பேச்சு பேசலாம். மேடை இனி இல்லை. ஒலிபெருக்கி வைத்தாலும் இல்லை. இதை மருத்துவர் அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்போது செவலையின்மேல் இரும்பு படவில்லை. உங்கள் சொல் முழுமையாக இருந்தது. கல்லும் கயிறும் பரணும் எல்லாம் இருந்தன. அவை எதுவும் என் குரலைத் திருப்பவுமில்லை, எடுக்கவுமில்லை. முப்பது ஆண்டுகள் நான் கத்திய கத்தல் எடுத்தது. ஆகவே உங்கள் கையின்மேல் எந்தப் பழியும் இல்லை. இதை நான் ஆறுதலுக்காக எழுதவில்லை. நாளைப் பாருங்கள்.

ஏன் மறைத்தேன்? முதலில், எழுத முடியவில்லை. எத்தனை தாள் கிழித்தேன் என்று சவுரிராயனைக் கேளுங்கள். "மேடை இனி இல்லை" என்னும் மூன்று சொல்லை எழுதிப் பார்ப்பேன். அது வேறு யாரைப் பற்றியோ எழுதியதுபோல் இருக்கும். கிழித்துவிடுவேன். அடுத்தது, உண்மையைச் சொன்னால் நீங்கள் குறை எங்கே என்று தேடுவீர்கள். சல்லியைக் குற்றம் சொல்வீர்கள். சாக்கைக் குற்றம் சொல்வீர்கள். இன்னும் இரண்டு கிடாவை நேர்ந்துவிடுவீர்கள் என்று அஞ்சினேன். அதனால், முதலில் ஆட்டின் கால் ஆறட்டும் என்று இருந்துவிட்டேன்.

உங்கள் மடல் கண்டபின்தான் புரிந்தது. எதற்காக அந்த வேண்டுதலோ அது முன்பே முடிந்துபோனது என்று தெரிந்துகொண்டே, அதை முறிக்கும் சுமையை உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன். ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் அஞ்சாமல் வெட்டியிருப்பீர்கள். மனிதநேயம் பற்றி ஆயிரம் மேடை பேசிய எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

மருத்துவமனைத் தாளைப் பற்றி நேரில் சொல்கிறேன் என்றேன். நேரில் சொல்ல இன்னும் துணிவில்லை. தோழர்கள் முன்னால் என் அக்கா சாமி பெயரைச் சொன்னதில் எனக்கு வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
தென்னரசு


திருவாமாத்தூர்,
3 ஜூலை 2025

தென்னரசுக்கு,

அறிக்கையைப் படித்தேன். நாளைப் பார்த்தேன். உன் மாமாவையும் பார்க்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரு முறை பார்த்துவிட்டு, "அவன் வாய் போனதுகூட பரவாயில்ல. கையுமா போயிடுச்சி, ஒரு வரி எழுதறதுக்கு?" என்றார். இதற்குமேல் நான் உன்னைத் திட்ட ஒன்றும் மிச்சமில்லை, ஆயினும் திட்டுகிறேன்.

ஒரு மாதம், தென்னரசு. ஒரு மாதம் அந்த மாடியில் தனியாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் இங்கே ஒரு கிடாவின் காலைப் பிடித்துக்கொண்டு, இதோ என் தம்பியின் குரல் என் கையில் இருக்கிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். நீ அங்கே, அக்கா நடுங்குவாளே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாய். நம் இருவரில் யார் மூடர் என்று சவுரிராயனைத் தீர்ப்புச் சொல்லச் சொல். அவர் இரண்டு மணி நேரம் பேசட்டும், நான் பொறுமையாகக் கேட்கிறேன்.

மேடை போயிற்று என்று எழுதியிருக்கிறாய். ஆறுதல் சொல்லும் கலை எனக்கு வராது. பதினைந்து வயதில் பள்ளிப் பேச்சுப் போட்டியில் நீ முதல் பரிசு வாங்கியபோது பின்வரிசையில் நின்று கேட்டவள் நான். அந்தக் குரல் எனக்கும் போயிற்று என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பூசாரியிடம் நடந்ததைச் சொன்னேன். இரும்பு பட்டதால் செவலை ஆகாது, வேறு கிடா நேர்ந்துவிடுங்கள் என்றார். வேறு கிடா நேர எனக்கு வேறு தம்பி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இம்முறை வெற்றிலை பாக்கு வைக்கவில்லை.

ஆகவே செவலை இங்கேயேதான் இருக்கும். மற்ற ஆறோடு சரளை மேட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டது. ஆனால் கெட்டுப்போன அந்த ஒரு குளம்பு கோணலாகத்தான் வளர்கிறது. ஆயுள் முழுவதும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டியிருக்கும். அடுத்த முறை ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு, ஆடிப்பெருக்கு அன்று வருகிறது. உன் மாமாவால் இனி மண்டியிட முடியாது. சென்ற முறை மண்டியிட்டதற்கு இன்னும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் வெட்டுகிறேன். பிடிக்க ஆள் வேண்டும்.

ஆட்டைப் பிடிக்கத் தாழ்ந்த குரலே போதும். அதட்டினால் அது மிரளும்.

காலை வண்டிக்கு வா.

அக்கா